மழை கொடுத்து மாடு வாங்கலாம்!

கடைக்குப் போகிறீர்கள். ஒரு சாமானைக் காட்டி, "என்ன விலை?" என்று கேட்கிறீர்கள். "இருபது மழை" என்கிறார் கடைக்காரர். நீங்களும் பையில் கையை விட்டு, இருபது மழையை எண்ணிக் கொடுத்துவிட்டு, சாமானோடு வீடு திரும்புகிறீர்கள்.

கதையல்ல, நேயர்களே! போட்ஸ்வானா என்ற ஆப்பிரிக்க தேசத்தில் தினந்தோறும் நடக்கும் வியாபாரம் இது. அந்நாட்டு நாணயத்தின் பெயர் 'புலா'. அவர்கள் பேசும் ஸெட்ஸ்வானா பாஷையில் புலா என்றால் மழை. சில்லறைக் காசுக்கு 'தெபே' என்று பெயர், அதாவது கேடயம். நூறு கேடயம் சேர்ந்தால் ஒரு மழை! கூட்டத்தில் பிரசங்கம் முடிந்ததும் நாம் கை தட்டுகிறோம், அவர்கள் "புலா!" என்று கோஷமிடுகிறார்கள். மழை பொழியட்டும் என்று ஆசி கூறுவதுதான் அவர்களுடைய ஆரவாரம்.

மழையின்மேல் ஏன் இத்தனை மோகம்? பூகோளப் படத்தைப் பிரித்துப் பாருங்கள். தெற்கே தென்னாப்பிரிக்கா, மேற்கிலும் வடக்கிலும் நமீபியா, கிழக்கே ஜிம்பாப்வே, வடகோடியில் ஒரு முனையில் ஜாம்பியா. எந்தப் பக்கம் திரும்பினாலும் சமுத்திரம் கிடையாது. பிரான்ஸைவிடச் சற்றுப் பெரிய நாடு. ஜனத்தொகையோ சுமார் 24 லட்சந்தான். நாட்டின் பெரும் பகுதியைக் கலஹாரிப் பாலைவனம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அங்கே ஓடும் நதிக்கும் சமுத்திரத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஒகவாங்கோ என்ற அந்த ஆறு அங்கோலா நாட்டு மலைகளில் பிறந்து, போட்ஸ்வானாவுக்குள் வந்து, விசிறிபோல் விரிந்து, கலஹாரி மணலிலேயே மறைந்துவிடுகிறது. அங்கோலாவில் பெய்த மழை ஆடி அசைந்து பல மாதம் கழித்து வந்து சேருகிறது. எப்போது தெரியுமா? போட்ஸ்வானாவில் சொட்டு மழை இல்லாத ஜூன், ஜூலை மாதங்களில்! வறண்டு காயும் நிலத்துக்கு அடுத்த வீட்டு மழை வந்து தண்ணீர் வார்க்கிறது. யானைகளும் காட்டெருமைகளும் அங்கே கூட்டம் கூட்டமாகத் திரள்வதைப் பார்க்க உலகெங்குமிருந்து பிரயாணிகள் வருகிறார்கள்.

அந்த ஜனங்களுக்கு மாடுதான் செல்வம். பெண்ணுக்குப் பரிசம் போடுவதும் மாடுதான். ஊர் விவகாரங்களைப் பேச 'கோட்லா' என்ற ஊர்ச்சபை உண்டு. தலைவர் முன்னிலையில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். ஜனங்கள் இருப்பதால்தான் தலைவன் தலைவனாக இருக்கிறான் என்பது அவர்களுடைய பழமொழி.

பிரிட்டிஷார் 1885 முதல் இந்த நாட்டைப் பாதுகாத்தார்கள். பாதுகாத்த அழகைக் கேளுங்கள்: நாட்டின் தலைநகரமே நாட்டுக்குள் இல்லை! எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவிலுள்ள மாபெகிங் என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆட்சி செய்தார்கள். 1966 செப்டம்பர் 30-ந் தேதி சுதந்திரம் வந்தபோது நாடு முழுவதற்கும் இருந்த தார் ரோடு சுமார் 12 கிலோமீட்டர். போதாக்குறைக்குக் கடும் பஞ்சம் வேறு. மாடுகள் ஆயிரக்கணக்கில் மாண்டு கிடந்தன. உலகத்தின் பரம ஏழை நாடுகளில் ஒன்று என்ற பட்டத்தோடுதான் போட்ஸ்வானா பிறந்தது.

முதல் ஜனாதிபதி ஸெரெட்ஸே காமா. பமங்வாட்டோ என்ற பெரிய குலத்தின் பட்டத்து இளவரசர். லண்டனில் படிக்கப் போனவர், 1948-ல் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். பக்கத்திலிருந்த தென்னாப்பிரிக்க நிறவெறி சர்க்கார் துள்ளிக் குதித்தது. அதைத் திருப்தி செய்ய பிரிட்டிஷார் காமாவையே நாடு கடத்தினார்கள். பட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான், 1956-ல் அவரால் ஊர் திரும்ப முடிந்தது. பட்டத்தைத் துறந்தவரை ஜனங்கள் ஜனாதிபதியாக்கினார்கள்!

சுதந்திரம் வந்த மறு வருஷம், 1967-ல், ஒராபா என்ற இடத்தில் வைரம் கிடைத்தது. அது யாருடைய நிலம் தெரியுமா? காமாவின் சொந்தக் குலத்தாருடைய நிலம். "எங்கள் மண்ணில் கிடைத்தது எங்களுக்கே" என்று அவர்கள் சொல்லியிருந்தால்? ஆப்பிரிக்காவின் வேறு சில நாடுகளில் வைரத்துக்காக ரத்த ஆறே ஓடியிருக்கிறது. இங்கே அப்படி நடக்கவில்லை. பூமிக்கு அடியில் எது கிடைத்தாலும் அது தேசம் முழுவதற்கும் சொந்தம் என்று அதே 1967-ல் சட்டம் வந்தது. காமாவின் குலமும் மற்றக் குலங்களும் ஒப்புக்கொண்டன. மழை எல்லோருக்கும் பொதுவாகப் பெய்வதுபோல வைரமும் பொதுச் சொத்தாயிற்று. 1982-ல் ஜ்வானெங் சுரங்கம் திறக்கப்பட்டது. 'சிறு கற்களின் ஊர்' என்று அர்த்தம். அந்தச் சிறு கற்கள் ரோடாகவும், பள்ளிக்கூடமாகவும், ஆஸ்பத்திரியாகவும் மாறின.

வைரம் மட்டுமா? 1976-ல் சொந்தமாக ஒரு சர்வகலாசாலை கட்ட வேண்டியிருந்தது. கஜானாவில் போதிய பணமில்லை. "ஆளுக்கொரு மாடு" என்று அறைகூவல் விடுத்தார் காமா. ஜனங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். மாடில்லாதவர்கள் தானியம் கொண்டுவந்தார்கள்; முட்டை கொண்டுவந்தவர்களும் உண்டு. செங்கல்லோடு மாடும் முட்டையும் சேர்ந்து எழும்பிய கலாசாலை அது.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கலஹாரியின் ஆதிகுடிகளான ஸான் மக்களை 1997-லும் 2002-லும் அவர்களுடைய வேட்டைக்காட்டிலிருந்து சர்க்கார் வெளியேற்றியது. அவர்கள் கோர்ட்டுக்குப் போய், 2006-ல் ஜெயித்தார்கள். பணக்காரனுக்கும் ஏழைக்கும் உள்ள தூரம் அங்கே மிக அதிகம். வேலையில்லாத வாலிபர்களும் ஏராளம்.

எய்ட்ஸ் நோய் அந்த நாட்டையே விழுங்கப் பார்த்தது. பெரியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரை அது பற்றியிருந்தது. வைரப் பணம் கைகொடுத்தது. 2002 முதல் சர்க்கார் இலவசமாக மருந்து வழங்கியது. தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் பரவுவது பெருமளவு குறைந்ததை 2021-ல் உலக சுகாதார நிறுவனமே பாராட்டியது.

இப்போதுதான் சோதனை வந்திருக்கிறது, நேயர்களே. பூமிக்குள் கோடிக்கணக்கான வருஷம் கிடந்து விளைகிற வைரத்தை இன்று ஆலையிலேயே சில வாரங்களில் விளைவித்துவிடுகிறார்கள். நம் சூரத் நகரம் இதில் இரண்டு வேஷம் போடுகிறது. சுரங்க வைரத்துக்குப் பட்டை தீட்டுவதும் அதே ஊர். ஆலை வைரத்தைச் செய்து விற்பதும் அதே ஊர். விலை சரிந்தது. ஏற்றுமதியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கை வைரத்தையே நம்பியிருந்த போட்ஸ்வானாவுக்கு மூச்சு முட்டியது. 2024 தேர்தலில், 58 வருஷம் ஆண்ட கட்சியை ஜனங்கள் சண்டை சச்சரவில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். டூமா போகோ ஜனாதிபதியானார். 2025 ஆகஸ்டில் ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்துபோய், அவர் நெருக்கடி நிலையையே பிரகடனம் செய்ய வேண்டி வந்தது.

உங்கள் வீட்டில் வைரத்தோடு இருந்தால் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தக் கல் போட்ஸ்வானாவின் மண்ணிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அங்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு அது கூரை போட்டிருக்கலாம். ஒரு தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

வைரத்தின் விலையை அவர்கள் நிர்ணயிக்க முடியாது, மழையையும் அப்படித்தான். ஆனால் கிடைத்ததைப் பொதுவில் வைத்துப் பங்கிட்டார்கள். இல்லாதபோது ஆளுக்கொரு மாடு கொண்டுவந்தார்கள். அந்தப் பழக்கத்தை எந்த ஆலையிலும் செய்து விற்க முடியாது அல்லவா? அது நிலைத்திருக்கட்டும் என்று நாமும் அவர்கள் பாஷையிலேயே வாழ்த்துவோம்:

புலா!