விலை வீரியத்துக்கா, விலாசத்துக்கா?

பூவாரில் நெய்யாறு கடலைச் சேரும் பொழிமுகத்தையொட்டி உல்லாச விடுதிகள் பெருகிவிட்டன. அங்கே படகு ஓட்டியும், சுவர் கட்டியும், அறை துடைத்தும், கணக்கு எழுதியும் பிழைப்பவர்களில் தமிழர்களும் உண்டு. வெளிநாட்டு விருந்தாளியின் மேஜையில் நிற்கும் குப்பியின் விலையைக் கேட்டு வாய் பிளக்காதவர் குறைவு. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் உறவினரின் பெட்டியிலும் அப்படி ஒரு குப்பி சில வேளை வந்து இறங்குகிறது. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி. அதிலும் வீரியம் கூடியது. விலை ஐயாயிரம், ஆறாயிரம் என்கிறார்கள். "அப்படி அதில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். வியர்வை சிந்திச் சம்பாதிப்பவன் எந்தச் சரக்கையும் அப்படிக் கேட்டுத்தான் மதிப்பிட வேண்டும்.

போர்பன் தேவாமிர்தமல்ல; வெறும் பகட்டும் அல்ல. அமெரிக்கச் சட்டப்படி அதற்கான தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்தில் ஊற வேண்டும். குப்பியில் அடைக்கும்போது சாராயச் சத்து 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 'ஸ்ட்ரெயிட்' என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது இரண்டு ஆண்டு ஊறியிருக்க வேண்டும். வெளியிலிருந்து நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் விற்கும் மலிவுச் சரக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம். நிறமும் மணமும் பிறகு கூட்டியவை. ஆகவே இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. அந்த வேற்றுமைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதே கேள்வி.

எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்

முதல் மயக்கம் குப்பியின் மேலுள்ள எண்ணில் தொடங்குகிறது. 'புரூஃப்' என்ற அளவை வெள்ளைக்காரன் காலத்துச் சொத்து. பழைய பிரிட்டிஷ் கணக்கில் 57.1 சதவீதச் சாராயச் சத்து இருந்தால் அது 100 டிகிரி புரூஃப். இந்தியக் குப்பிகளில் காணும் 75 டிகிரி புரூஃப் இந்தக் கணக்கில் வந்தது, அதாவது 42.8 சதவீதம். அமெரிக்கர் கணக்கு வேறு. அங்கே சதவீதத்தை இரண்டால் பெருக்கினால் புரூஃப் வந்துவிடும். அதனால் அமெரிக்கக் குப்பியில் 86 என்றும் இந்தியக் குப்பியில் 75 என்றும் போட்டிருந்தாலும் வீரியம் ஏறக்குறைய ஒன்றேதான்! 86-ஐப் பார்த்து, இது பெரிய சரக்கு என்று கூடுதல் பணம் கொடுப்பவர் எண்ணுக்குப் பணம் கொடுக்கிறார். புரூஃபை விட்டுவிட்டுச் சதவீதத்தைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இனி கணக்குக்கு வருவோம். 750 மில்லி போர்பன், 57 சதவீதம், விலை ஆறாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள சாராயச் சத்து சுமார் 428 மில்லி. கேரள அரசு நிறுவனமான திருவல்லா டிராவன்கூர் சுகர்ஸ் தயாரிக்கும் ஜவான் ரம் 2025-ன் தொடக்கத்தில் லிட்டர் 650 ரூபாய். 42.8 சதவீதம் என்று கொண்டால் ஒரு லிட்டரில் உள்ள சத்தும் அதே 428 மில்லிதான். ஒன்றில் 100 மில்லி சத்துக்கு 152 ரூபாய். மற்றதில் 1,400 ரூபாய். ஒன்பது மடங்குக்கு மேல்! போதைதான் நோக்கம் என்றால், ஆறாயிரம் ரூபாய்க் குப்பியைப் போல ஏமாற்று வியாபாரம் வேறில்லை.

வீரியம் கூடிய சரக்குக்கு நியாய விலை எது என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். 57 சதவீதமுள்ள 750 மில்லியில் கால் லிட்டர் தண்ணீர் சேர்த்தால், சாதாரண 42.8 சதவீதச் சரக்கு ஒரு லிட்டர் கிடைக்கும். அதாவது மூன்று பங்கு நான்கு பங்காகிறது. ஆகவே ஒரே பெயரில் சாதாரண வீரியத்தில் ஒரு குப்பியும் கூடிய வீரியத்தில் ஒரு குப்பியும் விற்றால், இரண்டாவதன் விலை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருப்பது நியாயம். அதற்கு மேல் கேட்டால், மிகுதிப் பணம் வீரியத்துக்கு அல்ல.

மிகுதிப் பணம் எங்கே போகிறது?

ஒரு பகுதி உண்மையான செலவு. போர்பனுக்கு ஒருமுறை பயன்பட்ட கலத்தில் மறுமுறை போர்பன் ஊற வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் புதுக் கலம் வேண்டும். ஊறும் காலத்தில் ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிப் போகும். குளிர்ந்த ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் அளவில் போவது, பெங்களூர் வெப்பத்தில் 10 சதவீதத்தையும் தாண்டுகிறது. அந்தப் பெங்களூரின் அம்ருத் ஆலை 2004-ல் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியைக் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகம் செய்தது. 61.8 சதவீத வீரியத்திலும் அது ஒரு விஸ்கி தயாரித்தது. வீரியமும் தரமும் கடல் கடந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

இன்னொரு பெரும் பகுதி வரி. அமெரிக்கப் போர்பனுக்கு இந்தியா 150 சதவீதம் இறக்குமதி வரி விதித்து வந்தது. 2025 பிப்ரவரியில் அதை 100 சதவீதமாகக் குறைத்தது. துறைமுகத்தில் ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள சரக்கு முன்பு 2,500 ஆனது, பிறகு 2,000 ஆனது. இதன் மேல் மாநில வரி தனி. இந்தியத் தயாரிப்பும் தப்பவில்லை. கேரளம் 2022 இறுதியில் அதன் விற்பனை வரியை 247-லிருந்து 251 சதவீதமாக்கியது. 2023 ஏப்ரல் முதல் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட குப்பிக்கு 40 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியும் சேர்ந்தது.

எல்லையோர மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று விழுந்த கோட்டுக்கு இப்பால் ஒரு விலை, அப்பால் ஒரு விலை. பாறசாலையிலிருந்து களியக்காவிளை போவதற்குள் குப்பிக்குள் இருக்கும் சரக்கின் தரம் மாறிவிடுவதில்லை, வரிதான் மாறுகிறது. வரி கூடுவதால் ருசி கூடாது.

எஞ்சியிருப்பது விலாசம்: அழகான குப்பி, குறைந்த எண்ணிக்கை, பணக்காரன் மேஜையில் கிடைக்கும் மதிப்பு. கொடுப்பவன் தெரிந்து கொடுத்தால் அது அவன் விருப்பம். தெரியாமல் கொடுப்பதுதான் ஏமாளித்தனம்.

உடம்பும் கணக்குப் பார்க்கும்

சாதாரணச் சரக்கில் 60 மில்லி ஊற்றிப் பழகிய கை, 57 சதவீதக் குப்பியிலும் அதே 60 மில்லிதான் ஊற்றும். மூன்று முறை குடித்தவன் தான் மூன்றோடு நிறுத்தியதாக எண்ணுவான். உடம்புக்கு அது நான்கு. அதன் பிறகு இரவில் பொழியில் படகை எடுப்பதும், சைக்கிளில் பெருவழியில் ஏறுவதும், மறுநாள் காலையில் சாரத்தில் நிற்பதும் எவ்வளவு ஆபத்து! மதுவில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதையும் மறக்கக் கூடாது.

அப்படியானால் மலிவே மேல் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். முத்திரையில்லாத மலிவுச் சாராயம் 2000-ல் கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கலில் 30-க்கு மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோரையும் கொன்றது. அதில் கலந்திருந்தது மெத்தனால் என்ற விஷம். முத்திரைக்கும் சோதனைக்கும் கொடுக்கும் காசு வீண் காசல்ல. விலாசத்துக்குக் கொடுக்கும் காசுதான் வீண்.

முடிவாகப் பார்த்தால், வீரியம் கூடிய போர்பன் தரமான சரக்காக இருக்கலாம். ஆனால் ஆறாயிரம் ரூபாயில் தரத்துக்குப் போவது ஒரு பங்குதான். மணமும் ருசியும் அறிந்து, தண்ணீர் சேர்த்து, நாலு பேர் பகிர்ந்து, எப்போதோ ஒரு முறை சிறிதளவு அருந்தும் வசதியுள்ளவனுக்கு அது ஒரு ஆடம்பரம். மற்றவர்க்கு அது ஆடம்பரம்கூட அல்ல, இழப்பு. ரிசர்வ் வங்கித் தொகுப்பின்படி 2022-23-ல் கேரளத்தில் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி 852 ரூபாய் 50 பைசா. ஆறாயிரத்தை அதால் வகுத்தால் ஏழு நாள். ஏழு நாள் வெயிலில் நின்ற கூலியை ஒரு குப்பிக்குக் கொடுப்பதா, ஊருக்கு மணியார்டர் அனுப்புவதா என்பதை வீட்டிலிருப்பவர்களைக் கேட்டால் ஒரு நொடியில் விடை கிடைக்கும். அந்தக் கணக்குக்குப் புரூஃப் தேவையில்லை.