விட்டுத் தேடிய சொல்

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாரிசு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. மாமனார் இறந்து பல ஆண்டுகளாகியும் இறப்பைப் பதியவில்லை. ‘இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசு சான்றிதழ்’ என்று செல்போனில் தேடினார். வந்ததெல்லாம் இறப்புச் சான்றிதழை இணைத்து விண்ணப்பிக்கச் சொல்லும் பக்கங்கள். “வழியே இல்லை போலிருக்கு” என்று போனை வைத்துவிட்டார்.

வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முடிவின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி. அதில் ‘இல்லாமல்’ என்ற சொல் குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. கேள்விக்கு உயிரான சொல்லையே விட்டுவிட்டுத் தேடியிருக்கிறது தேடுபொறி.

நாம் தட்டியதை அது அப்படியே தேடுவதில்லை. எழுத்துப்பிழையைத் திருத்தும், இணைச்சொல் சேர்க்கும், நாம் இருக்கும் ஊரைக் கணக்கில் எடுக்கும், வேண்டாததாகத் தோன்றும் சொல்லை உதிர்க்கும். பெரும்பாலும் இதனால் நமக்கு நன்மைதான். ஆனால் சின்னச் சொல் தவறினால் திசையே மாறும். 2019இல் ‘பெர்ட்’ என்ற மொழி மாதிரியைத் தேடலில் அறிமுகப்படுத்தியபோது கூகுளே ஓர் உதாரணம் காட்டியது: அமெரிக்கா செல்லும் பிரேசில்காரருக்கு விசா வேண்டுமா என்று கேட்டால், அதுவரை பிரேசில் செல்லும் அமெரிக்கருக்கான தகவல் வந்ததாம். ஆங்கிலத்தில் ‘டு’ என்ற ஒற்றைச் சொல் செய்யும் வேலையைத் தமிழில் வேற்றுமை உருபு செய்கிறது. ‘வேலூருக்கு பஸ்’, ‘வேலூரிலிருந்து பஸ்’ இரண்டிலும் உருபை உதிர்த்தால் மிஞ்சுவது வேலூரும் பஸ்ஸும்தான்.

ஒரு முடிவு ஏன் வந்தது, எந்தச் சொற்கள் பொருந்தின, எந்த மொழி, எந்த வட்டாரம் என்று காட்டும் வசதியைக் கூகுள் 2021 ஜூலையில் சேர்த்தது. முடிவின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால்தான் அது திறக்கும். அவசரத்தில் தேடுகிறவர் யார் அதைத் தொடுவார்? பிழை திருத்தினால் மட்டும் ‘இதற்கான முடிவுகள்’ என்று பக்கத்தின் உச்சியிலேயே அறிவிக்கிறார்கள். சொல்லை விட்டுத் தேடும்போதும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், தமிழில் கேட்டவருக்குத் தமிழில் ‘இந்தச் சொல்லை விட்டுத் தேடினோம்’ என்று சொல்ல வேண்டும். தொழில்நுட்பம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. மறைத்து வைத்திருப்பதை முன்னால் கொண்டுவந்தால் போதும்.

அதுவரை, விடக்கூடாத சொல்லை இரட்டை மேற்கோள்குறிக்குள் போடலாம். அப்படியும் கிடைக்காவிட்டால் அலுவலகத்தில் புழங்கும் சொல்லைத் தர வேண்டியிருக்கிறது. ‘இறப்பு தாமதப் பதிவு’ என்று தட்டினேன். ஓராண்டு கடந்த இறப்பைக் கோட்டாட்சியரின் ஆணை பெற்றுப் பதியலாம் என்ற விவரம் வந்தது. அக்கா அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.