குரூப்பின் பூட்டைத் திறந்துவிடுங்கள்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் பூம்பாறையில் அதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. வேறு ஊர்ப் பூண்டை இந்தப் பெயரில் விற்றால் இனி சட்டப்படி கேட்கலாம். நல்லதுதான். ஆனால் சென்னையில் கடையில் நின்று பூண்டைப் புரட்டிப் பார்க்கும் பெண்மணி எந்தச் சான்றிதழைப் பார்க்கப் போகிறார்? 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்று எழுதிய அட்டைதான் அவர் கண்ணில் படும். இமாச்சலத்துப் பூண்டைக் கொட்டிவிட்டு அதே அட்டையைச் செருகினால் யாருக்குத் தெரியும்?

எங்கள் பூண்டு பெரும்பாலும் வடுகபட்டி சந்தைக்கு இறங்கும். விலை அங்கே முடிவாகும். அதன் பிறகு அது யார் வீட்டுச் சமையலுக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது; யார் விளைவித்தது என்று வாங்கியவருக்கும் தெரியாது. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் மலையில் பலர் வாட்ஸ்அப் குரூப் தொடங்கியிருக்கிறோம். பூண்டு, தாண்டிக்குடி காபி, பட்டர் ஃப்ரூட், மலைத்தேன் எல்லாம் இப்படி நேரடியாகப் போகின்றன.

தொடங்கியது சரி, நடத்தும் விதம்தான் சரியில்லை. காலையில் ஒரு வணக்கப் படம், மதியம் விலைப்பட்டியல், 'அட்மின் மட்டும் பதிவிடலாம்' என்று ஒரு பூட்டு. பூட்டு இல்லாத இடத்தில் யாராவது குறை சொன்னால் செய்தியை அழிப்பது, சொன்னவரையும் நீக்குவது. சுவரில் போஸ்டர் ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

என் குரூப்பில் பூட்டு இல்லை. மதுரையிலிருந்து ஒருவர் படம் போட்டார்: "அண்ணே, பூண்டு பழுப்பேறி, புகை வாடை அடிக்குது. பழைய சரக்கா?" நான் பதில் தட்டுவதற்குள் பெரியகுளத்துப் பாட்டி ஒருவர் குரல் செய்தி அனுப்பிவிட்டார்: "பழசு இல்லம்மா. மலையில வீட்டுக்குள்ள கட்டித் தொங்கவிட்டு அடுப்புப் புகை பட வைப்பாங்க. அதான் மாசக்கணக்கா கெடாம இருக்குது. வாடை இருந்தாத்தான் மலைப்பூண்டு." உடனே இன்னொருவர் புகைபட்ட பூண்டில் ஊறுகாய் போடலாமா என்று கேட்க, பாட்டி அளவு சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் செய்தது, எங்கள் வீட்டில் பூண்டு தொங்கும் இடத்தைப் படமெடுத்துப் போட்டது மட்டும்தான். அதே விளக்கத்தை நான் சொல்லியிருந்தால் வியாபாரி பேச்சு என்று தள்ளியிருப்பார்கள். காசு கொடுத்து வாங்கியவர் சொன்னதால் நம்பினார்கள்.

குறையை அழித்தால் குறை போய்விடாது. வேறு இடத்தில் போய்ப் பேசும். இதைக் கொடைக்கானல்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கிருந்த இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரச மாசும் தொழிலாளர்களின் உடல்நலப் பிரச்சினையும் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போயின. இதைப் பற்றி 2015இல் சோஃபியா அஷ்ரஃப் என்ற பாடகி பாடிய ராப் பாடல் இணையத்தில் உலகெங்கும் பரவியது. அந்த நிறுவனத்தின் சோப்பையும் ஷாம்பூவையும் வாங்குகிறவர்களே கேள்வி கேட்டார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக ஒப்பந்தம் கையெழுத்தானது. போராட்டம் தொழிலாளர்களுடையது, அதற்கு வேகம் கூட்டியது இணையத்தில் திரண்ட கூட்டம். வாங்குகிறவர்கள் எப்படியும் ஒன்று சேர்வார்கள். நம் முன்னால் சேர்கிறார்களா, நமக்கு எதிராகச் சேர்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மலையில் குரூப் நடத்துகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம் என்பதற்காக எல்லோரையும் இழுத்துப் போடாதீர்கள். வாங்கியவர்களை மட்டும், அதுவும் கேட்டுவிட்டுச் சேருங்கள். குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அதை எடுத்துத் தனியாகச் செய்தி அனுப்புகிறவரை அன்றே நீக்குங்கள். யார் தோட்டம், எந்த மாதம் எடுத்தது என்று எழுதுங்கள். மழையில் மலைப்பாதை அடைபட்டுப் பார்சல் தாமதமானால், அவர்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். சரக்கு தீர்ந்தால் தீர்ந்தது என்று போடுங்கள். மண்டியில் வாங்கி நிரப்பி அனுப்பினால் ஒரு சீசன் ஓடும். அடுத்த சீசனில் குரூப் இருக்கும், ஆர்டர் இருக்காது.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: விலையைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேளுங்கள். குறையைக் குரூப்பிலேயே சொல்லுங்கள். அதற்காக உங்களை நீக்குகிறவரிடம் மறுபடி வாங்காதீர்கள்.