ஷட்டர் விழுவது விதி அல்ல!

காலை 9 மணிக்குப் பாரிமுனையில் பஸ்சை விட்டு இறங்கினால் ஒரு சத்தம் காதைப் பிளக்கும். கடகடவென்று வரிசையாக ஷட்டர்கள் மேலே ஏறும் சத்தம். தங்கசாலை, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தியாகராய நகர் ரங்கநாதன் தெரு எங்கும் இதே சத்தம்தான். ராத்திரி அதே ஷட்டர்கள் கீழே இறங்கும்.

தினமும் இரண்டு வேளை கேட்கிற இந்தச் சத்தத்துக்குள் ஓர் ஆபத்து ஒளிந்து இருக்கிறது. யாரும் கண்டுகொள்வது இல்லை. ஷட்டர் அறுந்து ஒருவர் தலையில் விழுந்த பிறகுதான் கூட்டம் கூடுகிறது. "பாவம், அவன் விதி!" என்று நாலு பேர் உச்சுக் கொட்டுகிறார்கள். மறுநாள் கடை திறந்து விடுகிறது.

விதியா? இல்லவே இல்லை! "விழப் போகிறேன், விழப் போகிறேன்" என்று பெரும்பாலான ஷட்டர்கள் பல நாளாகச் சொல்லிக் கொண்டே இருக்கின்றன. காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை.

60 கிலோ எமன்

ஒரு சின்னக் கடையை எடுத்துக் கொள்ளுங்கள். 10 அடி அகலம், 8 அடி உயரம். அதன் ஷட்டர் என்ன எடை இருக்கும்? சாதாரணமாகப் போடும் 0.9 மில்லி மீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7 கிலோ வரும். பட்டைகளின் வளைவு, மடிப்பு, அடியில் உள்ள கனத்த பட்டை, பூட்டு எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 60 கிலோவுக்குக் குறையாது. ஒரு சிமெண்டு மூட்டையே 50 கிலோதான். அதைவிட அதிக பாரம் தலைக்கு மேலே சுருண்டு உட்கார்ந்து இருக்கிறது.

அப்படியானால் அதை ஒரு பையன் ஒற்றைக் கையால் தூக்குகிறானே, எப்படி? அவன் தூக்கவில்லை. ஸ்பிரிங் தூக்குகிறது.

ஷட்டர் சுருளுக்கு நடுவே ஒரு பைப் இருக்கிறது. அந்தப் பைப்பில் ஸ்பிரிங்குகள் மாட்டப்பட்டு இருக்கின்றன. ஷட்டரைக் கீழே இழுக்க இழுக்க ஸ்பிரிங்குக்கு முறுக்கு ஏறும். மேலே தள்ளும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, ஷட்டரைத் தூக்கி விடும். ஆகவே மொத்த பாரத்தையும் தாங்குவது அந்த ஸ்பிரிங்குதான். அது அறுந்தால் 60 கிலோவும் தடதடவென்று கீழே வரும். வழியில் யார் நின்றாலும் அதோகதிதான்.

முன்கூட்டியே தெரியும்

ஷட்டருக்கு வியாதி வந்தால் அறிகுறி தெரியும். நேற்று வரை லேசாக ஏறிய ஷட்டர் இன்று கனக்கிறதா? ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் சரிகிறதா? அப்படியானால் உள்ளே ஒரு ஸ்பிரிங் போய் விட்டது என்று சந்தேகப்பட வேண்டும். மிச்சம் உள்ள ஸ்பிரிங்கு இரட்டைச் சுமையைத் தாங்கிக் கொண்டு இருக்கும். அதுவும் எத்தனை நாளைக்கு?

பாதியில் நிற்காமல் தானாக இறங்குவது, "டணார்" என்று சத்தம் வருவது, சுவரில் பிராக்கெட்டைச் சுற்றி விரிசல் விடுவது எல்லாமே எச்சரிக்கை மணிகள்தான். பழைய கட்டிடங்களில் சுண்ணாம்புச் சுவரில் போட்ட போல்ட்டு கழன்று, சுருளோடு சேர்ந்து எல்லாமே கீழே வருவதும் உண்டு.

ஆனால் கடைகளில் நடப்பது என்ன? "இன்னும் ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்குங்கப்பா" என்பார் முதலாளி. கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவார்கள். அதோடு சரி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதி ஷட்டரை இறக்கி விட்டு, வாடிக்கையாளரைக் குனிந்து வரச் சொல்கிற கடைகள் எத்தனை! குனிந்து நுழைகிறவரின் பிடரிக்கு மேலே நிற்பது என்ன என்று யாராவது யோசித்தது உண்டா?

"ஏறிப் பாருடா தம்பி!"

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. ஷட்டர் மாட்டிக் கொண்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுவது இல்லை. "டேய் தம்பி, ஸ்டூலைப் போட்டு ஏறிப் பாருடா. என்ன பெரிய வேலை? நாலு போல்ட்டுதானே!" என்று கடைப் பையனை ஏற்றி விடுகிறார்கள். அவன் கையில் ஒரு ஸ்பேனர். காலில் ரப்பர் செருப்பு.

அந்த நாலு போல்ட்டில்தான் அவன் உயிர் இருக்கிறது. ஷட்டர் கீழே இறங்கி இருக்கும்போது ஸ்பிரிங்கில் முழு முறுக்கும் ஏறி இருக்கும். பைப்பைப் பிடித்து இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் பைப் பம்பரம் போலச் சுற்றும். அதில் மாட்டிய ரெஞ்சு கையை ஒடிக்கும், முகத்தைப் பெயர்க்கும். ஷட்டர் மேலே சுருண்டு இருக்கும்போது கழற்றினால், சுருள் மொத்தமும் அவன் மேலேயே விழும்.

தெரிந்த மெக்கானிக் தனியாக வர மாட்டார். ஷட்டரை முழுக்கச் சுருட்டி, கயிற்றால் இறுகக் கட்டுவார். ஸ்டூல் போடாமல் சாரம் கட்டுவார். ஒருவர் ரெஞ்சால் பைப்பைப் பிடித்து இருக்க, இன்னொருவர் அடுத்த ரெஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கை இறக்குவார். கீழே ஆள் நடமாட விடமாட்டார். இதற்குத்தான் கூலி. இந்தக் கூலியை மிச்சம் பிடிப்பவர், பையன் உயிரை அல்லவா பணயம் வைக்கிறார்!

யார் செலவு?

கடைக்காரர்களும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. "கட்டிடம் அவருது. ஷட்டரும் அவருது. நான் எதுக்குச் செலவு பண்ணணும்?" என்று கேட்கிறார் வாடகைக்காரர். "தினம் ஏத்தி இறக்கித் தேய்க்கிறது யாரு? நானா?" என்று திருப்பிக் கேட்கிறார் கட்டிடக்காரர். இந்தத் தகராறு மாதக் கணக்கில் நடக்கிறது. ஷட்டரோ தினமும் ஏறி இறங்குகிறது.

கட்டிடக்காரர் செய்ய வேண்டிய ரிப்பேரை, நோட்டீஸ் கொடுத்தும் அவர் செய்யாவிட்டால், வாடகைக்காரரே செய்து விட்டு வாடகையில் கழித்துக் கொள்ளலாம் என்று 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவிலேயே சொல்லி விட்டது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த எழுத்தில் அட்வான்ஸ் இருக்கிறது, வாடகை இருக்கிறது, காலி செய்யும் தேதி இருக்கிறது. ஷட்டர் என்ற வார்த்தை இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். இல்லை என்றால் இன்றே ஒரு வரி எழுதிச் சேருங்கள். தகராறு தீரும்.

விபத்து நடந்த பிறகு "உன் ஷட்டர், என் ஷட்டர்" என்ற பேச்சு எடுபடாது. அலட்சியத்தால் மரணம் என்றால் பழைய சட்டத்தின் 304-ஏ பிரிவில் 2 ஆண்டு வரைதான் ஜெயில். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் அது 5 ஆண்டு வரை. ஸ்பிரிங் வாங்கக் கணக்குப் பார்த்தவர் கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டி வரும்.

புது ஷட்டர் போடுகிறீர்களா?

அளவுக்குத் தகுந்த ஷட்டர் போட வேண்டும். கையால் தள்ளும் ஷட்டர் 8 சதுர மீட்டர் வரைதான் சரி, பால் பேரிங் போட்டால் 12 சதுர மீட்டர் வரை போகலாம் என்பது மத்திய பொதுப்பணித் துறையின் அளவுகோல். அதற்கு மேல் போனால் கியர் வேண்டும். 16 அடி அகலம், 9 அடி உயரக் கடைக்குக் கணக்குப் போட்டால் 13 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. அதற்கும் கையால் தள்ளும் ஷட்டரே போதும் என்று ஒருவர் சொன்னால், அவரை வாசலோடு அனுப்பி விடுங்கள்.

இரண்டு பக்கமும் ஷட்டர் ஓடும் கைடு 11½ அடி அகலம் வரை 65 மில்லி மீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். அதற்கு மேல் அகலம் என்றால் 75. ஆழம் குறைந்தால் காற்றுக்கோ, ஒரு மோதலுக்கோ பட்டைகள் வெளியே வந்து விடும்.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. பெயர்ப் பலகைக்குப் போகும் வயரை ஷட்டர் பெட்டியை ஒட்டி இழுத்து விடுகிறார்கள். பட்டை உரசி உரசி வயரின் தோல் உரியும். ஐப்பசி மழையில் நனைந்த காலோடு ஷட்டரைத் தொட்டால் என்ன ஆகும்? வயரைத் தள்ளிக் கொண்டு போங்கள். எர்த் போடுங்கள். மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியைப் பொருத்துங்கள்.

மோட்டார் ஷட்டர் போடுகிறவர்கள் அமெரிக்காவைக் கவனிக்க வேண்டும். அங்கே வீட்டுக் கார் கொட்டகையின் மோட்டார்க் கதவில் குழந்தைகள் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகு, ஆள் சிக்காமல் காக்கும் ஏற்பாடு இல்லாத மோட்டாரைத் தயாரிக்கக் கூடாது என்று 1993 ஜனவரி 1 முதல் அங்கே சட்டம். எதிலாவது இடித்தால் கதவு நின்று திரும்ப மேலே போக வேண்டும். இங்கேயும் காசு கொடுக்கும் முன் இதைக் கேட்டு, ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

சங்கங்கள் என்ன செய்யலாம்?

தீபாவளி நெருங்கினால் தெருவுக்குத் தெரு சீரியல் பல்பு கட்டுகிறார்கள். வசூல் நடக்கிறது. அதோடு, தெருவுக்கு ஒரு நல்ல மெக்கானிக்கை வியாபாரிகள் சங்கமே அமர்த்தி, வருஷத்துக்கு ஒரு முறை எல்லா ஷட்டரையும் பார்க்கச் சொல்லலாமே! கடைக்குக் கடை பங்கு போட்டால் செலவு பெரிதாகத் தெரியாது. மாநகராட்சியும் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறது. முதலில் அந்த ஷட்டர்களைப் பரிசோதித்து வழிகாட்டட்டும்.

அது வரைக்கும் கடைக்காரர்கள் ஒன்றே ஒன்று செய்தால் போதும். நாளைக் காலை ஷட்டர் கனத்தால், பையனை ஏற்றாதீர்கள். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, கீழே யாரும் போகாமல் கயிறு கட்டி, மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புங்கள். ஒரு நாள் வியாபாரம் போனால் மறுநாள் பிடிக்கலாம்!