நமக்கு ஆறு மணி நேரம், அவர்களுக்கு ஆயுசு முழுக்க மௌனமா?

நாட்டின் இணையப் பாதுகாப்புக்கான செர்ட்-இன் அமைப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிய முடிவு இன்றும் அப்படியே நிற்கிறது. 2023 நவம்பரில் ஓர் அறிவிக்கை வந்தது; சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் ஒரு வரி கூடியது. ஐபி, ரா, எல்லைப் பாதுகாப்புப் படை இருக்கும் வரிசையில், நாட்டின் கணினிகளுக்கு ஆபத்து என்றால் மக்களை எச்சரிக்க வேண்டிய அமைப்பும் சேர்க்கப்பட்டுவிட்டது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார்களைத் தவிர வேறு எதையும் அதனிடம் உரிமையோடு கேட்க முடியாது. இது தவறான முடிவு. அதை இத்தனை காலம் விட்டுவைத்திருப்பது இன்னும் பெரிய தவறு.

டெல்லியில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று திருச்சியில் யாரும் இருந்துவிட முடியாது. மன்னார்புரத்திலும் தில்லைநகரிலும் ஸ்ரீரங்கத்திலும் எத்தனை மருத்துவமனைகள், கல்லூரிகள், நிதி நிறுவனங்கள், டிராவல்ஸ் கம்பெனிகள்! நவல்பட்டு ஐடி பூங்காவைச் சேர்க்காமலே சொல்கிறோம். இவற்றில் பலவற்றின் பின்னறையில் ஓடுவது லினக்ஸ் சர்வர். அதன்மேல் அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்று எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள். லைசென்ஸ் கட்டணம் கிடையாது. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பாதுகாப்புக்கும் குறைவில்லை. அந்த ஆள் பெரும்பாலும் ஒருவர்தான். பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்; சிசிடிவியில் படம் தெரியாவிட்டாலும் அவரைத்தான்.

அவர் காலையில் வந்ததும் திறந்து பார்க்கும் லாக் கோப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அவர் கஷ்டம் புரியும். ரூட் கணக்குக்குத் தவறான பாஸ்வேர்ட். அடுத்த வரியும் அதே. பிறகு அட்மின், டெஸ்ட், உபுண்டு, போஸ்ட்கிரெஸ் என்று ஊகிக்கக்கூடிய எல்லாப் பெயர்களிலும் சில விநாடிகளுக்கு ஒரு முறை, விடிய விடிய, எங்கெங்கோ இருக்கும் முகவரிகளிலிருந்து கதவைத் தட்டியிருப்பார்கள். இணையத்தில் ஒரு சர்வரை வைத்த சில மணி நேரத்திலேயே இது தொடங்கிவிடும். நல்ல நிர்வாகி இதற்கெல்லாம் தயாராகத்தான் இருப்பார். பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, கீ இருந்தால்தான் நுழையலாம் என்று மாற்றியிருப்பார். ரூட் கணக்கில் யாரும் நேரடியாக வர முடியாதபடி அடைத்திருப்பார். டேட்டாபேஸின் 3306-ம் போர்ட் வெளியே தெரியாதபடி ஃபயர்வால் போட்டிருப்பார். விடாமல் தட்டும் முகவரிகளை ஃபெயில்2பேன் தடுத்துவிடும். இதெல்லாம் அவர் கையில் இருப்பவை.

அவர் கையில் இல்லாதது நிர்வாகத்தின் சம்மதம். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ம் தேதியோடு முடிந்தது. 2029 வரை இருக்கும் என்று நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8-ஐ அதற்கும் முன்பே, 2021 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். டெபியனுக்கோ ராக்கி லினக்ஸுக்கோ மாற வேண்டும்; அதற்கு இரண்டு நாள் சர்வரை நிறுத்த வேண்டும்; பேக்கப்புக்குத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும்; மாணவர்கள் பயன்படுத்தும் நெட்வொர்க்கையும் கணக்குப் பிரிவின் நெட்வொர்க்கையும் பிரிக்க ஒரு சுவிட்ச் வேண்டும். தாளாளரிடம் போய் நிற்கிறார். “ஓடுதுல்ல, அப்புறம் ஏன் தொடணும்?” என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்குப் பதிலாக மேசைமேல் வைக்க அவரிடம் என்ன இருக்கிறது? இந்த நாட்டில் இன்ன இடத்தில், இன்ன நாளில், இந்த ஒரு வேலையைச் செய்யாததால் இவ்வளவு நஷ்டம் வந்தது என்று அரசு முத்திரையோடு ஒரு காகிதம் இருந்திருந்தால் அந்தச் சுவிட்ச் அன்றைக்கே வாங்கப்பட்டிருக்கும். அந்தக் காகிதத்தைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அவரிடம் மட்டும் எவ்வளவு கேட்கிறார்கள் பாருங்கள். 2022 ஏப்ரல் 28-ம் தேதி செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு நினைவிருக்கும். சர்வரில் ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். எல்லா லாக்குகளையும் 180 நாட்கள் இந்தியாவுக்குள்ளேயே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கணினியின் கடிகாரத்தைக்கூட அவர்கள் சொல்லும் நேரத்தோடு பொருத்த வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-பி பிரிவு. ஆறு மணி நேரம் என்பது, உடைந்தது எது, உள்ளே வந்தது எப்படி என்று ஓர் ஆள் தனியாகக் கண்டுபிடிப்பதற்கே போதாத நேரம். இருந்தாலும் கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கிறோம். கொடுத்த தகவல் எங்கே போகிறது? அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டார்கள்? இதே வழியில் வேறு யாரிடம் நுழைந்திருக்கிறார்கள்? இதைக் கேட்கும் உரிமையைத்தான் பறித்துவிட்டார்கள்.

செர்ட்-இன் எச்சரிக்கைக் குறிப்புகள் வெளியிடுகிறதே என்று சொல்லலாம். வெளியிடுகிறது, அவற்றால் பயனும் உண்டு. ஆனால் இன்ன மென்பொருளின் இன்ன பதிப்பில் ஓட்டை, உடனே அப்டேட் செய்யுங்கள் என்பதை அந்த மென்பொருளை எழுதியவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். டெபியனின் பாதுகாப்பு மடலில் சேர்ந்திருக்கும் எவருக்கும் அது வந்துவிடும். செர்ட்-இன் மட்டுமே தரக்கூடியது வேறு. இந்தியாவில் நடந்த ஊடுருவல்களில் என்ன நடந்தது என்பது அது. 70-பி பிரிவிலேயே அந்த அமைப்பின் முதல் வேலையாக எழுதியிருப்பது, இணையத் தாக்குதல்கள் பற்றிய தகவல்களைச் சேகரிப்பது, ஆராய்வது, பரப்புவது. பரப்புவதும் சட்டம் இட்ட கடமை. அந்தக் கடமைக்காக உண்டாக்கிய அமைப்பை உளவு அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது எந்த நியாயத்தில்?

எய்ம்ஸையே எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேரில் சிக்கின. நாள்கணக்கில் நோயாளிகளின் பதிவும் அனுமதியும் பரிசோதனை முடிவுகளும் கையால் எழுதி நடந்தன. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வமாகப் பதில் வந்தது. முழு விசாரணை அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. முதல் நுழைவு எந்தக் கணினியில்? எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள்? பேக்கப் எங்கே இருந்தது? அப்டேட் விட்டுப்போன மென்பொருள் எது? தில்லைநகரில் ஐம்பது படுக்கை மருத்துவமனையின் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு வேண்டியது இந்த நான்கு கேள்விகளுக்கான பதில்தான். அவருக்குக் கிடைத்தது ‘நெட்வொர்க்கைப் பிரிக்கவில்லை’ என்ற ஒரு வரி.

அயர்லாந்தில் இதே கதை வேறு மாதிரி முடிந்தது. அந்நாட்டு அரசின் சுகாதார அமைப்பான எச்எஸ்இ 2021 மே 14-ம் தேதி ரான்சம்வேரால் முடங்கியது. நாடு முழுவதும் மருத்துவமனைகள் காகிதத்துக்குத் திரும்பின. அதே ஆண்டு டிசம்பரில் விரிவான விசாரணை அறிக்கையை அவர்களே வெளியிட்டார்கள். மார்ச் 18-ம் தேதி ஓர் ஊழியர் மின்னஞ்சலில் வந்த எக்ஸெல் கோப்பைத் திறந்தது முதல் எல்லாம் அதில் இருக்கிறது. எட்டு வாரம் உள்ளேயே நடமாடினார்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் எச்சரித்தது, உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. பாதுகாப்புக்கென்று உயர்மட்டத்தில் பொறுப்பான ஒருவர்கூட இல்லை. தங்களுக்கு எவ்வளவு அவமானம் என்று பார்க்காமல், உலகத்தின் எந்த மருத்துவமனையும் படித்துத் திருந்தட்டும் என்று வைத்தார்கள். நம் ஊர் நிர்வாகி இன்று படிக்க முடிவது டப்ளின் மருத்துவமனைகளின் கதையைத்தான். டெல்லி மருத்துவமனையின் கதை அவருக்கு எட்டவில்லை.

கட்டற்ற மென்பொருள் உலகம் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததே இந்த வெளிப்படைத்தன்மையால்தான். 2024 மார்ச் 29-ம் தேதியை சர்வர் பார்ப்பவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு வைக்கப்பட்டிருந்தது. இரண்டாண்டுக்கும் மேலாகப் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு பெயரின் கைவரிசை அது. ஃபிராயிண்ட் கண்டதை அப்படியே பொதுவில் எழுதினார். ஃபெடோராவும் டெபியனும் அன்றே அந்தப் பதிப்புகளைத் திரும்பப் பெற்றன. உலகத்தின் பெரும்பகுதி சர்வர்களுக்கு அது போய்ச் சேருவதற்குள் தடுக்கப்பட்டது. இதே விஷயம் ஒரு ரகசியக் கோப்பில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செர்ட்-இன்னுக்கு விலக்களித்த முடிவை எடுத்தவர்களின் பழைய கணக்கைப் பார்த்தால் இது அவர்களுக்குப் புதுப் பழக்கமல்ல. கூடங்குளத்தை நாம் மறக்கவில்லை. 2019 அக்டோபர் 29-ம் தேதி, பரவுவது பொய்த் தகவல், அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பின்மீது இணையத் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் தீம்பொருள் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். செர்ட்-இன் அதை செப்டம்பர் 4-லேயே சொல்லியிருந்தது என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. கிட்டத்தட்ட எட்டு வாரம்! வெளியே ஒருவர் போட்டு உடைக்காமல் இருந்திருந்தால் இன்றுவரை திருநெல்வேலிக்கும் தெரியாது, திருச்சிக்கும் தெரியாது. உலையின் கட்டுப்பாட்டுப் பகுதி பாதிக்கப்படவில்லை என்றார்கள். முதல் நாள் சொன்னது பொய்த்துப்போன பிறகு இரண்டாம் நாள் சொல்வதை ஜனங்கள் எதை வைத்து நம்புவார்கள்?

பிறகு கோவின் தடுப்பூசித் தளம். 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு தானியங்கி ‘பாட்’டில் செல்பேசி எண்ணைத் தட்டினால் தடுப்பூசி போட்டவரின் அடையாள எண்ணும் பிறந்த ஆண்டும் வந்து விழுந்தன. ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்று முதலில் மறுப்பு. பத்து நாளில் பிகாரில் கைது. இந்த விவகாரத்தை ஆராயச் சொல்லியதும் செர்ட்-இன்னிடம்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, அதன் 44-ம் பிரிவைக் கொண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் விலக்கில் இருந்த பொதுநல நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் அது, நவம்பரில் இது. 2022 உத்தரவையும் முதலில் பிறப்பித்துவிட்டு, மே மாதம் கேள்வி பதிலாக ஒரு விளக்கம் போட்டு, சிறு நிறுவனங்களுக்கு செப்டம்பர்வரை அவகாசம் கொடுத்தார்கள். எழுதும்போதே சர்வர் பார்ப்பவர்கள் நான்கு பேரை அழைத்துக் கேட்டிருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது. நார்ட்விபிஎன், எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க் தங்கள் சர்வர்களை நாட்டைவிட்டே எடுத்துப்போனதுதான் மிச்சம்.

விவரம் வெளியே போனால் ஹேக்கர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பது அவர்கள் தரப்பு வாதம். உள்ளே புகுந்த ஹேக்கருக்கு எப்படிப் புகுந்தோம் என்று தெரியாதா? தெரியாமல் இருப்பது அடுத்து அடிபடப் போகிறவருக்குத்தான். முதலில் ஓட்டையை அடைக்க அவகாசம் கொடுத்து, பிறகு எல்லோருக்கும் சொல்வது இந்தத் தொழிலில் நெடுநாளைய நடைமுறை. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ அதற்கு 90 நாள் கெடு வைத்திருக்கிறது. நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை மறுக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ம் பிரிவே அனுமதிக்கிறது. ஒவ்வொரு மனுவாகப் பார்த்து, காரணம் எழுதி மறுத்திருக்கலாம். அப்படிக் காரணம் எழுதும் பொறுப்பிலிருந்துதான் தங்களை விடுவித்துக்கொண்டார்கள்.

நம் ஊர் அரிஸ்டோ மேம்பாலத்தின் மன்னார்புரம் பக்கக் கை ராணுவ நிலம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றபோது, அந்த வழியாகப் போன ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள், கேட்டார்கள், மனுப் போட்டார்கள். சர்வர் உடைந்துகிடப்பது சாலையில் போகிறவர் கண்ணில் படாது. கேட்டால் மட்டுமே தெரியக்கூடிய விஷயத்தில் கேட்கும் வழியையே அடைத்துவிட்டார்கள். இந்த அறிவிக்கை போக வேண்டும். அதற்குப் பதில் என்ன வர வேண்டும், எந்த அளவு விவரத்தை எப்போது வெளியிடலாம் என்பதை, சர்வர்களை இரவு பகலாகக் காப்பவர்களையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யட்டும். எய்ம்ஸ் அறிக்கையை வெளியிட அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அதை இப்போதே வெளியிடலாம்.