கீறலுக்குப் பயந்து ஸ்பிரிங்கை மாற்றாமல் விடலாமா?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களிடையே "இடியட் ஸ்கிராட்ச்" என்றொரு சொல் வழங்கி வருகிறது. தமிழில் சொன்னால் "முட்டாள் கீறல்". 1911 எனப்படும் கைத்துப்பாக்கியைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது, அதன் இடது பக்கத்தில் வில் போல வளைந்து விழும் ஒரு கோடுதான் அது. கை தவறியவரைக் கேலி செய்யச் சூட்டிய பெயர். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தக் கீறல் செய்யும் கெடுதலை விட இந்தக் கேலி செய்யும் கெடுதல்தான் அதிகம்! கீறல் விழுமோ என்று பயந்து, மாற்ற வேண்டிய ஸ்பிரிங்கை மாற்றாமலே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு.

இந்தத் துப்பாக்கியை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். 1911ல் அமெரிக்க ராணுவம் இதை ஏற்றுக் கொண்டது. 1985ல் பெரெட்டா அதன் இடத்துக்கு வரும் வரை இதுவே அங்கு முதன்மையான கைத்துப்பாக்கி. கோல்ட் உட்படப் பல நிறுவனங்கள் இன்றும் தயாரித்து விற்கின்றன. பழைய வடிவத்தில் உள்ளதைச் சுத்தம் செய்யக் கழற்றுவதற்குத் தனியாக எந்தக் கருவியும் தேவையில்லை. கையாலேயே பிரித்து விடலாம். அதாவது, இதைக் கழற்றி மாட்டப் போகிறவன் சாதாரணச் சிப்பாய் என்பதை மனதில் வைத்தே செய்த பொருள் இது.

அப்படியிருக்க, ஸ்பிரிங்கை ஏன் மாற்ற வேண்டும்? சுடும்போது மேலே இருக்கும் ஸ்லைடு வேகமாகப் பின்னால் வருகிறது. குழலுக்குக் கீழே இருக்கும் ரிகாயில் ஸ்பிரிங் அந்த வேகத்தைத் தாங்கிக் கொண்டு சுருங்குகிறது. பிறகு விரிந்து, ஸ்லைடை முன்னால் தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் இதே வேலை. சில ஆயிரம் முறை சுட்ட பின் ஸ்பிரிங் தளர்ந்து, நீளமும் குறைந்து போகிறது. புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். காலித் தோட்டாக் கூடுகள் வழக்கத்தை விட வெகு தூரம் போய் விழுவதும் ஓர் அறிகுறி. தளர்ந்த ஸ்பிரிங் தாங்காத அடியைத் துப்பாக்கியின் உடல் பாகமே தாங்க வேண்டி வருகிறது. சைக்கிளில் பிரேக் கட்டை தேய்வது ரிம்மைக் காப்பாற்றத்தான். ஸ்பிரிங்கும் அப்படியே. விலை குறைந்த பாகம் தேய்ந்து, விலை கூடிய பாகத்தைக் காக்கிறது. தேய்ந்ததை மாற்றாமல் விடுவது சிக்கனம் ஆகாது.

சரி, கீறல் எப்படி விழுகிறது? ஸ்லைடு ஸ்டாப் என்பது இடது பக்கத்தில் இருக்கும் சிறு நெம்புகோல். அதன் பின்முனைக்கு எதிரே, ஸ்பிரிங்கால் முன்னே தள்ளப்பட்ட ஒரு குட்டி ஊசி நீட்டிக் கொண்டிருக்கும். மாட்டும்போது அந்த ஊசி வழிவிடாது. பலர் நெம்புகோலைக் கீழே வைத்து உடலோடு அழுத்தி மேல்நோக்கிச் சுழற்றுகிறார்கள். அங்கேதான் உலோகம் உலோகத்தை உரசிக் கோடு விழுகிறது. இதற்குப் பதிலாக, நெம்புகோலின் தண்டைத் துளையில் நேராக நுழைத்து, அந்தக் குட்டி ஊசியை மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் பின்னால் தள்ளிப் பிடித்து, நேராக உள்ளே அழுத்தினால் போதும். உடலின் மேல் டேப் ஒட்டிக் கொண்டால் இன்னும் நல்லது. இரும்பு ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பவே கூடாது. "பதறாத காரியம் சிதறாது" என்ற பழமொழி இந்த வேலைக்காகவே சொன்னது போல் இருக்கிறது!

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது, தோட்டா. மேகசினை எடுத்த பிறகும் குழலின் அறைக்குள் ஒரு தோட்டா இருக்கலாம். கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். வேலை நடக்கும் மேசையில் தோட்டாவே இருக்கக் கூடாது. இரண்டாவது, கண். ஸ்பிரிங்கின் முன்முனையை மூடியிருக்கும் மூடி, விரல் நழுவினால் குண்டு போலப் பாயும். கண்ணாடி அணிந்து, மூடியின் மேல் துணியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, மெல்ல மெல்ல வெளியே விட வேண்டும். கீறலைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இந்தக் கண்ணாடியைப் பற்றி அதே அளவு பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மூன்றாவது தவறு, ஆசையால் வருவது. கடினமான ஸ்பிரிங் போட்டால் துப்பாக்கி நீடித்து உழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்து அங்குலக் குழல் உள்ள பாயிண்ட் 45 துப்பாக்கிக்கு வழக்கமான அளவு 16 பவுண்டு. அதை விட மிகக் கடினமானதைப் போட்டால், பின்னால் போகும் அடி குறையும். ஆனால் முன்னால் வரும் அடி கூடும். ஸ்லைடு ஸ்டாப்பின் தண்டும் குழலின் அடிப்பகுதியும் அந்த அடியை வாங்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே! புதிய ஸ்பிரிங் போட்டதும் ஸ்லைடு முழுவதுமாகப் பின்னால் போய் நிற்கிறதா என்று கையால் இழுத்துப் பார்ப்பது அவசியம்.

எல்லாவற்றையும் எல்லோரும் வீட்டிலேயே செய்யலாம் என்பதல்ல வாதம். சில புதிய மாடல்களில் ஸ்பிரிங்குக்குள் நீளமான கம்பி இருக்கும். அதைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். அத்தகையவற்றுக்குத் தயாரிப்பாளரின் கையேடே வழிகாட்டி. கையில் நிதானம் இல்லாதவர் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று. கீறல் அழகைக் கெடுக்கும். பழங்காலத் துப்பாக்கியாக இருந்தால் விற்கும் விலையையும் குறைக்கும். அவ்வளவுதான். சுடும் வேலையை அது கெடுப்பதில்லை. தளர்ந்த ஸ்பிரிங்கோ துப்பாக்கியையே கெடுக்கும். கீறல் விழுந்தவர் ஸ்பிரிங்கையாவது மாற்றியிருக்கிறார். பளபளவென்று வைத்துக் கொண்டு, உள்ளே செத்துப் போன ஸ்பிரிங்கோடு சுட்டுக் கொண்டிருப்பவருக்கு என்ன பெயர் வைப்பது?