அரைப்புள்ளி நிறைந்த கடிதங்கள்

தெமட்டகொடை ஒழுங்கைகளில் பழைய போத்தலும் பழைய பத்திரிகையும் வாங்க வருகிறவர், இப்பொழுது பழைய கணனிகளையும் எடைபோட்டு எடுத்துச் செல்கிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் வாங்குவது இரும்பும் தகரமும். விற்கின்ற நாம்தான் அப்பெட்டிக்குள் யாது கிடக்கிறதென்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மேல்நாடுகளில் பழங்கணனிகளைப் பழுதுபார்த்து, மீண்டும் இயங்கவைத்து மகிழும் அன்பர்கள் பலர் உளர். பழைய மோட்டார்க் கார்களைப் பேணுவது போன்ற ஒரு பொழுதுபோக்கு என்று அதனை நாம் எண்ணிவிடுகிறோம். நம்மவர்க்கு அது அவ்வளவோடு முடிவதன்று. 1990களின் இறுதியிலும் அதன் பின்னரும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் குடியேறிய பிள்ளைகள் இங்குள்ள பெற்றோருக்கு எழுதிய மின்னஞ்சல்கள் அப்பெட்டிகளிலேயே உறங்குகின்றன. யுத்த காலத்துக் குடும்பங்களின் சரித்திரம் அது, வேறெங்கும் பதிவாகாதது.

எங்கள் ஒழுங்கையிலுள்ள அம்மையார் ஒருவர், தம் மகன் 2001இல் கனடாவிலிருந்து எழுதியவற்றை ஒரு சிறு நெகிழ்வட்டில் காத்து வைத்திருந்தார். அயல்வீட்டு மாணவர் ஒருவர் அதனைத் திறந்து காட்டியபோது, திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள். அவற்றினிடையே எறும்புச் சாரி போல் அரைப்புள்ளிகள்.

"என்ன தம்பி, பூச்சி அரிச்சுப் போட்டுதோ?"

"இல்லை மாமி, ஒன்றும் பழுதில்லை. இது பாமினி."

இந்த மறுமொழியின் பொருளைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். கணனிக்கு எழுத்துத் தெரியாது. எண் ஒன்றுதான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதற்கு ஓர் அட்டவணை தேவை. 1963இல் அமெரிக்கர் வகுத்த 'அஸ்கி' அட்டவணையில் 128 இடங்கள் இருந்தன; தமிழுக்கு அவற்றில் ஒன்றேனும் இல்லை. ஆகவே நம்மவர் ஓர் உபாயம் செய்தனர். ஆங்கில எழுத்தின் ஆசனத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை அமர்த்திவிட்டனர். பாமினி எழுத்துரு அத்தகையது. அதில் 'வணக்கம்' என்று எழுதினால், கணனி தன்னுள்ளே 'ரீ, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி' என்றே பதிந்துகொள்ளும். மெய்யின் மேலுள்ள புள்ளிக்கு அங்கே அரைப்புள்ளி! எழுத்துரு உள்ள கணனியில் அது வணக்கம். இல்லாத கணனியில் எறும்புச் சாரி.

பாமினி ஒன்றுதானா? பல நாட்டுத் தமிழன்பர்கள் மின்னஞ்சல் வழியாகவே ஆலோசித்து வகுத்த 'டிஸ்கி' ஒருபுறம். 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற 'தாம்', 'தாப்' மற்றொருபுறம். உலகப் பொது அட்டவணையாகிய யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், நமது வீட்டுக் கணனிகள் அதற்குப் பழகியது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகே. ஒரே மொழி பேசுவோர் ஒருவர் கடிதத்தை மற்றவர் வாசிக்க இயலாதிருந்தமை விந்தைதான்.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. 1982இல் வகுக்கப்பெற்ற மின்னஞ்சல் விதி, எழுத்தொன்றுக்கு ஏழு துணுக்குகளையே அனுமதித்தது. 128க்கு மேற்பட்ட எண்களில் தமிழை அமர்த்திய டிஸ்கி போன்றவற்றின் எட்டாம் துணுக்கைச் சில பழைய இயந்திரங்கள் வழியிலேயே களைந்துவிட்டன. பாமினியோ பெரும்பாலும் ஆங்கிலத்தின் வேடத்திலேயே சென்றமையால் தப்பித்துக்கொண்டது. அறிஞர்கள் குறைகூறிய எழுத்துரு, கடல்கடந்த கடிதங்களைப் பத்திரமாகச் சுமந்து வந்தது.

ஆகையால் விளங்காத கடிதத்தைக் கண்டதும் அழித்துவிடலாகாது. அரைப்புள்ளி மலிந்திருந்தால் பெரும்பாலும் பாமினி. தலையில் சாய்கோடு தாங்கிய ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' என்ற முத்திரையும் மீண்டும் மீண்டும் வந்தால், அது தவறாக வாசிக்கப்பெற்ற யுனிகோட். பிரெஞ்சு எழுத்துகள் போன்றவை ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பின் டிஸ்கியாகவோ தாப்பாகவோ இருக்கக்கூடும். இவை யாவும் மீளும். மீளாதது ஒன்றே: வரிசை வரிசையாக வினாக்குறிகள். தான் அறியாத எழுத்துக்குப் பதிலாகக் கணனி வினாக்குறியை இட்டு, அந்நிலையிலேயே சேமித்தும் விட்டால், உள்ளிருந்த எண் போயிற்று. எந்த அறிஞர் வந்தும் பயனில்லை. குழப்பமாகத் தெரியும் கோப்பைத் திருத்திச் சேமிக்காமல், முதலில் அப்படியே ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது இதனாலேயே.

அந்த மாணவரும் பிரதியெடுத்த பின்னரே எழுத்து மாற்றும் செயலியில் கடிதத்தை இட்டார். தமிழ் தமிழாயிற்று, ஆனால் மகன் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ரொறன்ரோ முகவரியும் தமிழாகி, எந்த நாட்டுப் பாஷையோ என்று ஐயுறும்படி நின்றது! எது உண்மையான ஆங்கிலம், எது வேடமிட்ட தமிழ் என்று பகுக்க இயந்திரத்துக்கு வழியில்லை. அம்மையார்தாம் பக்கத்திலிருந்து, அது தெருப்பெயர், இது வீட்டிலக்கம் என்று சொல்லிக் கொடுத்தார்.

அந்த வட்டு வாசிக்கத்தக்க நிலையில் இருந்தது நற்பேறு. கொழும்பின் ஈரக்காற்றில் நெகிழ்வட்டுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். அதன் காந்தப் பதிவும் நாளடைவில் மங்கும். சோனி நிறுவனம் 2011இலேயே அவற்றின் விற்பனையை நிறுத்திவிட்டது. எனினும் இன்றைய கணனியோடு இணைக்கத்தக்க வட்டு வாசிப்பான்கள் இன்னும் அகப்படுகின்றன. போத்தல்காரரின் மணியோசை கேட்குமுன், வட்டிலுள்ளதைப் பிரதி செய்துகொள்ளுங்கள். அக்காலத்தில் எந்த எழுத்துருவில் எழுதினாரென்று கடல்கடந்த பிள்ளையிடம் தொலைபேசியில் கேட்டு, அதன் பெயரை உறையின் மேல் பென்சிலால் குறித்து வையுங்கள்.